கட்டுப்பாடு அறிவித்தால் மருத்துவப் பங்கு ஏறுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். கூடலூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மலப்புறம் பக்கம் நிபா என்று செய்தி வந்தால் போதும், நாடுகாணியிலும் சோலாடியிலும் வண்டிகளை நிறுத்திக் காய்ச்சல் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். அன்று சாயங்காலத்துக்குள் என் கடையில் மாஸ்க் தீர்ந்துவிடும். 2021 ஆகஸ்டில், கேரளாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஆர்டி-பிசிஆர் சான்று கட்டாயம் என்று அரசு சொன்னபோது, கோவையில் இருக்கும் என் தம்பி, "அக்கா, இனிமேல் லேப் கம்பெனிகளுக்கு அடித்தது யோகம்" என்றான். அவன் பேச்சை நம்பி ஒரு பெரிய லேப் கம்பெனியின் பங்கில் 2 லட்சம் போட்டேன். மறுவருடமே அது பாதியானது. இன்றுவரை போட்ட பணம் திரும்பவில்லை. இப்போது சீட்டு எடுத்த 3 லட்சம் கையில் இருக்கிறது. "அடுத்த தொற்று வந்தே தீரும், கட்டுப்பாடு அறிவிக்கிற அன்றைக்கே ஹெல்த்கேர் ஷேரை வாங்கிப் போட்டால் பழைய நஷ்டமும் சேர்ந்து வந்துவிடும்" என்கிறான். வாங்கலாமா? பழைய பங்கை என்ன செய்வது? இன்னொன்று, சிரிக்காதீர்கள்: நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஷேர் எங்கேயாவது கிடைக்குமா?

வாசகி, கூடலூர்

பதில்: அம்மா, கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிரிக்க அதில் ஒன்றுமில்லை, நீங்கள் கேட்ட மூன்றில் அதுதான் விஷயத்தின் அடிமடியைத் தொடுகிறது.

கிடைக்காது. சிம்ஸ் பார்க்குக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கட்டடம் 1907இல் வெறிநாய்க்கடி மருந்துக்காக வந்தது. 1977 முதல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தன்னாட்சி நிறுவனம். அதற்குப் பங்கும் இல்லை, பங்குதாரரும் இல்லை. நாட்டின் குழந்தைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியில் பெரும்பகுதியைக் கொடுத்துக்கொண்டிருந்த இடங்களில் ஒன்று அது. 2008 ஜனவரியில், தயாரிப்புத் தரவிதிகளைக் காரணம் காட்டி, குன்னூர், கசௌலி, கிண்டி மூன்று அரசு நிறுவனங்களின் உரிமத்தையும் ஒரே உத்தரவில் நிறுத்திவைத்தார்கள். 2010இல்தான் அந்த உத்தரவு விலகியது. இடையில் அரசு ஊசிகளைத் தனியாரிடம் வாங்கியது. ஒரு காகிதத்தில் போட்ட கையெழுத்து, ஒரு வியாபாரம் முழுவதையும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு நகர்த்திவிட்டது, பாருங்கள்.

கொரோனாவிலும் இதே கதைதான், வேறு வேடத்தில். நம் நாட்டில் போட்ட ஊசிகளில் மிகப் பெரும்பான்மை கோவிஷீல்டும் கோவாக்சினும். முதலாவதைத் தயாரித்தது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட், இரண்டாவதை ஹைதராபாத்தின் பாரத் பயோடெக். இரண்டுமே பங்குச்சந்தையில் பட்டியலிடப்படாத கம்பெனிகள். ஊரே கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்ட அந்த மாதங்களில், அதன் லாபத்தில் பங்கு கேட்க உங்களுக்கும் வழியில்லை, எனக்கும் வழியில்லை, உங்கள் தம்பிக்கும் வழியில்லை. தொற்றினால் யாரோ சம்பாதிக்கிறார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். அந்த யாரோ, பங்குகளை வைக்கும் உங்கள் டீமேட் கணக்குக்குள் வரக்கூடியவரா என்பது வேறு கேள்வி.

சரி, இனி தம்பியின் சூத்திரத்துக்கு வருவோம்.

இந்த விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் அனுபவம் பங்குச்சந்தைக்காரர்கள் பலருக்குக் கிடையாது. 2020 மார்ச் மாதத்தை நினைத்துப் பாருங்கள். மாஸ்க், சானிடைசர் இரண்டையும் அத்தியாவசியப் பொருள் என்று மத்திய அரசு அறிவித்தது. அடுத்த வாரமே மூன்றடுக்கு மாஸ்க் 10 ரூபாய், இரண்டடுக்கு 8 ரூபாய், 200 மில்லி சானிடைசர் 100 ரூபாய், இதற்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவு. கடையில் கூட்டம் அலைமோதியது, உண்மை. ஆனால் கோவை மொத்த வியாபாரி அன்றைக்கு உங்களுக்கு மாஸ்க்கை என்ன விலைக்குக் கொடுத்தார்? பல கடைக்காரர்களுக்கு வாங்கிய விலையே விற்க வேண்டிய விலையைத் தாண்டியிருந்தது. விற்பனை ஏறியது, ஒரு பொருளில் நிற்கும் காசு இறங்கியது. மருந்துக்கடை கல்லாவில் நீங்கள் பார்த்த இதே விஷயம்தான் பெரிய கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்திலும் நடந்தது.

தொற்றுக் காலத்தில் எத்தனை பேர் பரிசோதனை செய்ய வேண்டும், என்ன விலைக்கு, யார் பணம் கட்டுவது, எந்தத் தேதியோடு நிறுத்துவது எல்லாவற்றையும் ஒரே கை முடிவு செய்கிறது. அதுதான் அரசாங்கத்தின் கை. செய்தியைப் படிக்கிறவர்கள் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு வாங்க ஓடுகிறார்கள். "கட்டாயம்" என்ற சொல் அவ்வளவு கவர்ச்சி. விலையும் தேதியும் பிறகு வரும் அரசாணைகளில் சத்தமில்லாமல் வந்து உட்காரும்.

உங்கள் லேப் பங்கின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாம் இருக்கிறது. நீங்கள் வாங்கிய கம்பெனி எது என்று எழுதவில்லை, அதைப் பற்றி நான் பேசவும் இல்லை. அந்தத் துறை எப்படி ஏறி இறங்கியது என்று மட்டும் பார்ப்போம்.

2020 மார்ச்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் தனியார் லேபுகளுக்கு ஆர்டி-பிசிஆர் உச்சவரம்பாக 4,500 ரூபாய் வைத்தது. ஏப்ரல் 8ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தனியார் லேபுகளும் இலவசமாகவே பார்க்க வேண்டும் என்றது. ஐந்தே நாளில், ஏழைகளுக்கு மட்டும் இலவசம் என்று அதைத் திருத்தியது. அந்த ஐந்து நாளில் லேப் கம்பெனி முதலாளிகளுக்குத் தூக்கம் வந்திருக்காது. பிறகு மாநிலங்கள் ஒவ்வொன்றாக விலையைக் குறைக்க ஆரம்பித்தன. தமிழ்நாட்டில் 2020 ஜூனில் 3,000 ரூபாய், 2021 மே மாதம் 900 ரூபாய். டெல்லியில் 2,400, பிறகு 800. நீங்கள் பங்கு வாங்கிய அதே 2021 ஆகஸ்டின் முதல் வாரத்தில், டெல்லி அரசு அதை 500 ஆக்கியது. ஆகஸ்ட் 5 முதல் கேரள எல்லையில் சான்று கட்டாயம் என்ற செய்தி நாடுகாணி வரை வந்து உங்கள் காதில் விழுந்தது. 500 ரூபாய்ச் செய்தி விழவில்லை. அது உங்கள் தவறில்லை. எல்லையில் நிற்கும் போலீஸ்காரரைக் கண்ணால் பார்க்க முடியும், டெல்லி அரசாணையைப் பார்க்க முடியாது. போதாக்குறைக்கு, இரண்டு ஊசி போட்டவர்களுக்கு அந்தச் சான்றே தேவையில்லை என்று அதே அறிவிப்பில் இருந்தது. ஊசி போடுகிறவர்கள் கூடக் கூட, சான்று கேட்பவர்கள் குறைவார்கள்.

விலை இப்படி ஐந்தில் ஒன்றாகவும் ஒன்பதில் ஒன்றாகவும் ஆனபோதும் லேப் பங்குகள் ஏறிக்கொண்டுதான் இருந்தன. எண்ணிக்கை அதைவிட வேகமாக ஏறியது, அதனால் லாபமும் வந்தது. டாக்டர் லால் பாத்லேப்ஸ் பங்கு 2021 செப்டம்பரில் 4,000 ரூபாயைத் தாண்டியது. ஒரு பங்குக்கு வருடம் கிடைத்த லாபத்தைப் போல ஏறக்குறைய 100 மடங்கு அது. இதை உங்கள் கடையை வைத்துச் சொன்னால் பளிச்சென்று புரியும். எல்லாச் செலவும் போக வருடத்துக்கு 5 லட்சம் உங்களுக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைக்கு ஒருவர் வந்து 5 கோடி தருகிறேன் என்றால், அவர் என்ன நினைத்துக்கொண்டு தருகிறார்? இந்தக் கூட்டம் குறையவே குறையாது, வருடா வருடம் பெருகும் என்று நினைத்துத்தான். மாஸ்க் வாங்க வந்த கூட்டத்தை வருடம் முழுக்க வரும் கூட்டம் என்று எண்ணிக் கொடுக்கிற விலை அது.

2022 ஜனவரி. ஓமைக்ரான் அலை. நோயாளிகள் எண்ணிக்கை மலைபோல் ஏறுகிறது. தம்பியின் சூத்திரப்படி லேப் பங்குகள் பறந்திருக்க வேண்டும். ஜனவரி 10ஆம் தேதி ஐசிஎம்ஆர் ஓர் அறிவுரை வெளியிட்டது: அறிகுறி இல்லாதவர்களுக்கும், நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களில் ஆபத்துக் குறைந்தவர்களுக்கும் பரிசோதனை தேவையில்லை. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கிட்டும் அதற்குள் 250 ரூபாய்க்கு உங்கள் கடைக்கே வந்துவிட்டது. பிப்ரவரி 14 முதல் பல நாடுகளிலிருந்து வரும் பயணிகளுக்கு, இரண்டு ஊசிச் சான்று இருந்தால் ஆர்டி-பிசிஆர் வேண்டாம் என்றானது. நோய் இருந்தது. உத்தரவு போய்விட்டது. டாக்டர் லால் பாத்லேப்ஸின் ஆண்டு லாபம் 2021-22இல் சுமார் 350 கோடி, அடுத்த வருடம் சுமார் 240 கோடி. பங்கு விலை 2022 ஜூன் வாக்கில் 2,000 ரூபாய் அளவுக்கு வந்து நின்றது. கம்பெனி மோசமாகிவிடவில்லை. அதே லேப், அதே டாக்டர்கள், அதே சுகர் டெஸ்ட், தைராய்டு டெஸ்ட். விலையில் ஏற்றிவைத்திருந்த கற்பனை மட்டும் வடிந்துவிட்டது.

அந்த ஆகஸ்டைப் பற்றி இன்னும் ஒன்று. உங்களைப் போன்றவர்கள் லேப் பங்கை வாங்க வரிசையில் நின்ற அதே நேரத்தில், இந்தத் துறையில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கிருஷ்ணா டயக்னாஸ்டிக்ஸ் அந்த மாதம்தான் 954 ரூபாய்க்குப் பொதுப்பங்கு வெளியிட்டது. அடுத்த மாதம் விஜயா டயக்னாஸ்டிக் 531 ரூபாய்க்கு வந்தது. அது முழுக்க முழுக்க ஏற்கெனவே பங்கு வைத்திருந்தவர்கள் விற்றது, கம்பெனிக்குள் ஒரு பைசா போகவில்லை. அதற்கு முன்னால் ஜூனில், தைரோகேர் லேப் கம்பெனியின் நிறுவனர் தன் பங்கை 1,300 ரூபாய் விலைக்கு, ஆன்லைனில் மருந்து விற்கும் ஃபார்ம்ஈசி குழுமத்துக்குக் கொடுத்துவிட்டு வெளியேறினார். 2023 தொடக்கத்தில் தைரோகேர் பங்கு 500 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. விற்கத் தெரிந்தவர்கள் விற்ற மாதங்கள் அவை. இதில் சட்டவிரோதம் எதுவுமில்லை, அவர்கள் சொத்து, அவர்கள் விருப்பம். ஆனால் ஒரு துறையில் பொதுப்பங்கு வெளியீடுகள் வரிசை கட்டி வரும்போது நான் கொஞ்சம் தள்ளி நிற்பது வழக்கம்.

மருத்துவமனைகளுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். தொற்று என்றால் படுக்கைகள் நிரம்பும், மருத்துவமனைக்குக் கொண்டாட்டம் என்றுதானே தோன்றும்? 2020 ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அப்போலோ மருத்துவமனை நிறுவனம் காட்டியது 200 கோடிக்கு மேல் நஷ்டம். மூட்டு மாற்று, இருதய பைபாஸ், கண் அறுவை என்று தள்ளிப்போடக்கூடியது எல்லாம் தள்ளிப்போனது. வெளிநாட்டு விமானம் நின்றதால் வங்காளதேசத்திலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் நோயாளிகள் நின்றார்கள். கோவிட் நோயாளிக்குத் தமிழ்நாடு அரசு 2020 ஜூனில் வைத்த வரம்பு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே நாளொன்றுக்கு 15,000 ரூபாய். பங்கு அந்த மார்ச்-ஏப்ரலில் 1,500 ரூபாய்க்கும் கீழே இருந்தது. அதே பங்கு 2021 நவம்பரில் 5,000 ரூபாயைத் தாண்டியது, 2022 மார்ச் கடைசியில், நாட்டின் 50 பெரிய பங்குகளை வைத்துக் கணக்கிடும் நிஃப்டி 50 பட்டியலுக்குள்ளும் போனது. 2021-22 ஆண்டு லாபம் 1,000 கோடிக்கு மேல். ஒருமுறை மட்டும் வந்த கணக்கு லாபமும் அதில் உண்டு. ஏற வைத்ததில் பெரும்பங்கு கட்டுப்பாட்டுக்கு இல்லை, அது விலகியதற்குத்தான். தள்ளிப்போட்ட அறுவை சிகிச்சைகள் திரும்பின, பாதிப் படுக்கைக்குப் பதில் முழுப் படுக்கை ஓடியது, மருந்துக்கடைப் பிரிவும் இணைய விற்பனையும் சேர்ந்துகொண்டன. கட்டுப்பாடு வந்தால் லாபம் என்ற தம்பியின் கணக்கு இங்கே சரியாக எதிர்த்திசையில் நிற்கிறது.

மருந்துக் கம்பெனி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், கோவிட் நோயாளிகளுக்குப் போட்ட ரெம்டெசிவிர் மருந்து உங்களுக்கே நினைவிருக்கும். 2021 ஏப்ரலில் அதற்காக மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றார்கள். ஏப்ரல் 11 ஏற்றுமதிக்குத் தடை. ஏப்ரல் 17 விலைக்குறைப்பு: கெடிலா 2,800 ரூபாய்க் குப்பியை 899க்கு இறக்கியது, டாக்டர் ரெட்டிஸ் 5,400ஐ 2,700 ஆக்கியது, சிப்லா 4,000ஐ 3,000 ஆக்கியது. தேவை உச்சத்தில் இருந்த அதே வாரத்தில். அந்த மே மாதம் முடிந்து அலை இறங்கியதும் அந்தக் குப்பிகளைச் சீண்ட ஆளில்லை. எக்ஸ்பைரி ஆகும் ஸ்டாக்கின் வலி என்னவென்று மருந்துக்கடைக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தனியார் மருத்துவமனைகள் 780 ரூபாய், 1,410 ரூபாய் என்று விற்ற கோவிஷீல்டு, கோவாக்சின் ஊசிகளுக்கும் அதே கதிதான்: 2022 ஏப்ரலில் மருத்துவமனைகளுக்குக் கொடுக்கும் விலையை இரண்டு கம்பெனிகளும் 225 ரூபாய்க்கு இறக்கின, ஜூலை 15 முதல் 75 நாள் அரசு மையங்களில் இலவச முன்னெச்சரிக்கை ஊசி என்றார்கள்.

இந்த நேரத்தில் ஒரு கூத்தும் நடந்தது. ஆக்சிஜன் கிடைக்காமல் நாடு தவித்த 2021 ஏப்ரலில், பாம்பே ஆக்சிஜன் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற பங்கு நாள் தவறாமல் அப்பர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்ச வரம்பு வரை ஏறிச் சில வாரத்தில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்தக் கம்பெனி வாயு வியாபாரத்தை 2019லேயே விட்டுவிட்டு, வெறும் முதலீடு செய்யும் கம்பெனியாகியிருந்தது. பெயரில் மட்டும்தான் ஆக்சிஜன். தம்பி இருக்கும் டெலிகிராம் குரூப்பில் அடுத்த முறை ஒரு பெயர் வந்தால், அந்தக் கம்பெனி எதை விற்கிறது என்று மட்டுமாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ஊசி தயாரித்த கம்பெனி பட்டியலிடப்பட்டிருந்தால்கூட என்ன ஆகியிருக்கும் என்று பார்க்க அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 2021 மே 5ஆம் தேதி, கோவிட் ஊசிகளுக்குக் காப்புரிமை விலக்கு தர ஆதரவு என்று பைடன் அரசு அறிவித்தது. இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே உலக வர்த்தக அமைப்பில் கேட்டது அது. அன்று ஒரே நாளில் மாடர்னா பங்கு 6 சதவீதம் அளவுக்கு விழுந்தது. ஓர் ஊசிகூடக் குறையவில்லை, ஓர் ஆர்டர் ரத்தாகவில்லை, சட்டம் கூட மாறவில்லை. அறிவிப்பு மட்டும்தான். அதே பங்கு அந்த ஆகஸ்டில் 480 டாலரைத் தொட்டது, நவம்பர் 26இல் ஓமைக்ரான் செய்தி வந்ததும் ஒரே நாளில் 20 சதவீதம் ஏறியது. 2024 முடிவில் 40 டாலர் அளவில் இருந்தது. கோவிட் ஊசி விற்ற இன்னொரு அமெரிக்கக் கம்பெனியான ஃபைசரின் மொத்த வருமானம் 2022இல் 10,000 கோடி டாலர், 2023இல் 5,850 கோடி. வாங்கியவர்கள் தனி மனிதர்கள் இல்லை, அரசாங்கங்கள். அவை ஆர்டரை நிறுத்தினால் கடைவீதியில் வேறு வாடிக்கையாளரைத் தேட முடியாது. அமெரிக்க அரசு ஃபைசரின் கோவிட் மாத்திரையான பாக்ஸ்லோவிட் தொகுப்புகளை லட்சக்கணக்கில் திருப்பியே அனுப்பிவிட்டது.

இதற்கெல்லாம் தம்பி ஒரு பதில் வைத்திருப்பார், அது நியாயமானதும்கூட: "2020 மார்ச் 23 அன்று மருந்துப் பங்கு வாங்கியவன் சம்பாதிக்கவில்லையா?" சம்பாதித்தான். அன்று நிஃப்டி ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610இல் முடிந்தது. அந்த விலையில் மருந்துப் பங்கு மட்டுமல்ல, வங்கி, சிமெண்ட், பெயிண்ட் எதை வாங்கியிருந்தாலும் லாபம்தான்; வருட முடிவில் நிஃப்டி 14,000ஐ நெருங்கியது. மருந்துத் துறை பொதுச் சந்தையை விட நன்றாகவே போனது என்பதையும் மறைக்க மாட்டேன். 2020 வருடம் முழுக்கப் பார்த்தால் நிஃப்டி ஏறியது 15 சதவீதம், மருந்துப் பங்குகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் நிஃப்டி ஃபார்மா 60 சதவீதம். அதில் தொற்றுக்குப் பங்கு உண்டு. அதற்கு முன் நாலைந்து வருடம் அமெரிக்க விலைச்சரிவிலும் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் கெடுபிடியிலும் அடிமட்டத்தில் கிடந்த பங்குகள் அவை, அதற்கும் பங்கு உண்டு.

அடுத்த வருடத்தைப் பாருங்கள். 2021இல்தான் டெல்டா வந்தது. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி எங்கும் வீட்டுக்கு வீடு பயம். ஊரடங்கு, இ-பாஸ், பர்லியாரில் சோதனை எல்லாம் திரும்பின. மருந்துக்கும் ஊசிக்கும் நாடு அலைந்த வருடம் அதுதான். அந்த வருடம் நிஃப்டி 24 சதவீதம் ஏறியது, நிஃப்டி ஃபார்மா 10 சதவீதம் மட்டும். 2022இல் ஃபார்மா 11 சதவீதம் இறங்கியது. நோய் உச்சத்தில் இருந்தபோது மருந்துப் பங்கு சாதாரணப் பங்கிடம் தோற்றது. எதிர்பார்க்கக்கூடியது எல்லாம் 2020லேயே விலைக்குள் வந்துவிட்டது என்பதுதான் காரணம், வேறு மர்மம் எதுவுமில்லை. சந்தை உங்கள் கடைக்கூட்டத்தைப் பார்த்து விலை வைப்பதில்லை. அந்தக் கூட்டம் எத்தனை வருடம் வரும் என்ற யூகத்துக்கு விலை வைக்கிறது.

நிபா விஷயத்தில் அந்த யூகத்துக்குக்கூட இடமில்லை. 2018இல் கோழிக்கோடு பக்கம் 17 பேரைக் கொன்ற நோய், 2023 செப்டம்பரில் மறுபடி வந்து இரண்டு உயிரை எடுத்தது. ஆனால் அதைக் கட்டுப்படுத்தியது எது? தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்துத் தனிமைப்படுத்தியது, வார்டுகளை அடைத்தது. மாதிரிகள் போனது புனே வைராலஜி நிறுவனம் போன்ற அரசு ஆய்வகங்களுக்கு. பஜாரில் இருக்கும் தனியார் லேப் அதைத் தொடக்கூட முடியாது. அங்கீகரிக்கப்பட்ட ஊசி இல்லை, மருந்து இல்லை. நாடுகாணியில் தெர்மாமீட்டரை நீட்டுகிற சுகாதார ஆய்வாளருக்குச் சம்பளம் அரசு கொடுக்கிறது. அதில் எந்தப் பட்டியலிட்ட கம்பெனிக்கும் பெரிதாகப் பில் போகாது. உங்கள் கடையில் மாஸ்க் தீர்வது உண்மை, அந்தச் செய்தி கூடலூர் பஜாரைத் தாண்டி மும்பைச் சந்தைக்குப் போகும்போது அதில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. 2025 ஜனவரி 6 நினைவிருக்கிறதா? பெங்களூரில் இரண்டு குழந்தைகளுக்கு எச்எம்பிவி என்ற செய்தியும் மற்ற கவலைகளும் சேர்ந்து சென்செக்ஸ் 1,258 புள்ளி விழுந்தது. 2001லேயே கண்டுபிடித்த பழைய வைரஸ் அது. 

ஆகவே 3 லட்சத்தைத் தம்பியின் சூத்திரத்தில் போட வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது, பலர் யோசிப்பதில்லை. உங்கள் பிழைப்பே மருத்துவத் துறைதான். தொற்று வந்தால் உங்கள் கடை ஓடும். விலைக்கட்டுப்பாடு வந்தால், ஆன்லைன் மருந்துக்காரர் தள்ளுபடி கொடுத்தால், உங்கள் கடை அடிவாங்கும். சேமிப்பையும் அதே துறையில் போட்டால், கல்லா காலியாகும் மாதத்திலேயே டீமேட்டும் சிவப்பாகும். சம்பாதிப்பது மருந்தில் என்றால் சேமிப்பு மருந்துக்கு வெளியே இருக்க வேண்டும். வங்கியில் வேலை பார்ப்பவர் வங்கிப் பங்காகவே குவிப்பதையும் நான் இதே போலத்தான் தடுப்பேன்.

அந்தப் பணத்தில் முதலில் மொத்த வியாபாரியின் பாக்கியை அடையுங்கள். கடனுக்கு எடுக்கும் சரக்குக்கும் ரொக்கத்துக்கு எடுக்கும் சரக்குக்கும் எத்தனை சதவீதம் தள்ளுபடி வித்தியாசம் என்று உங்களுக்குத் தெரியும். அந்த லாபத்தை எந்தப் பங்கும் உறுதியாகத் தராது. வீட்டுச் செலவு ஆறு மாதத்துக்கானதை வங்கி வைப்பிலோ தபால் நிலையத்திலோ வையுங்கள். கூடலூர்-ஊட்டி சாலையில் மழைக்காலத்தில் மண் சரிந்தால் சரக்கு வண்டி வராத வாரங்கள் உண்டல்லவா, அதற்கு. மீதம் இருப்பதை, நிஃப்டியில் உள்ள பங்குகளை அதே அளவில் வாங்கி வைக்கும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் பிரித்துப் போடுங்கள். அதற்குள்ளேயே சன் ஃபார்மாவும் சிப்லாவும் அப்போலோவும் அளவாக இருக்கின்றன, தனியாக வாங்கத் தேவையில்லை.

பழைய லேப் பங்கு. போட்ட விலையை மறந்துவிடுங்கள், அதைக் கம்பெனி அறியாது. கடைசி ஆண்டறிக்கையை எடுத்து, கோவிட் அல்லாத வருமானம் வருடா வருடம் வளர்கிறதா, ஒரு நோயாளியிடமிருந்து வரும் சராசரி வருமானம் குறைகிறதா என்று இரண்டை மட்டும் பாருங்கள். பிறகு இன்றைய விலை ஒரு பங்கு லாபத்தின் எத்தனை மடங்கு என்று பாருங்கள். இன்றைக்குப் புதிதாக இந்த விலைக்கு வாங்குவீர்களா? ஆம் என்றால் வைத்திருங்கள். இல்லை என்றால் விற்றுவிடுங்கள். "விலை இறங்கியிருக்கிறது, இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணுவோம்" என்று தம்பி சொன்னால் அதற்கு மட்டும் தலையாட்டாதீர்கள். 2 லட்சத்தின் கவலை 5 லட்சத்தின் கவலையாகும்.

நஷ்டத்தில் விற்பதானால் வரியில் ஒரு சௌகரியம் இருக்கிறது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு என்பதால் அது நீண்டகால மூலதன நஷ்டம். அதை நீண்டகால லாபத்தோடு மட்டுமே கழிக்கலாம், இந்த வருடம் லாபம் இல்லாவிட்டால் அடுத்த 8 வருடம் வரை எடுத்துச் செல்லலாம். ஆனால் வருமான வரி ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருந்தால்தான் அது செல்லும், ஒரு நாள் தாமதித்தாலும் அந்த நஷ்டம் கணக்கில் இல்லாமல் போய்விடும். 2021இல் வாங்கியதற்கான ஒப்பந்தக் குறிப்பைத் தம்பியின் மின்னஞ்சலில் தேடி எடுத்து, கடைக்கணக்கு பார்க்கும் ஆடிட்டரிடம் மார்ச்சுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.